ஹார்லன் சொல்லாத வார்த்தை

பவுடர் ஆற்றங்கரை, மொன்டானா
1979 மார்ச் 11

அன்புள்ள டெல்மர்,

இங்கே எல்லோரும் சுகம், அப்பாவின் இடுப்பைத் தவிர. குதிரை தூக்கிப் போட்டு இரண்டு மாதமாகிறது. இன்னமும் வைத்தியரைத்தான் திட்டுகிறார். குதிரையை யாரும் ஒரு சொல் சொல்லக்கூடாது. நாஷ்வில்லில் பூ பூத்துவிட்டது என்று எழுதியிருந்தாய். இங்கே முழங்கால் வரை பனி கிடக்கிறது. நிறைசினைப் பசுக்களைக் கொட்டகைக்குள் அடைத்து வைத்திருக்கிறேன். நீ வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாயா?

உன் பாட்டைக் கேட்டோம். செவ்வாய்க்கிழமை தீவனக் கடையில் நிற்கும்போது வானொலியில் வந்தது. உன் பெயரைச் சொன்னதும் கடைக்காரர், "ஏய், எல்லாரும் வாயை மூடுங்க! நம்ம ரிக்ஸ்பி வீட்டுப் பையன்!" என்று கத்தினார். கன்றுகளுக்குச் சூடு போடுகிற நாளில் வேலிமேல் ஏறி நின்று கவி சொல்லியே வேலைக்கு டிமிக்கி கொடுத்தவன் நீ. அந்த வாய்க்குள் இப்படி ஒரு குரல் இருந்ததை நாங்கள் கவனிக்காமல் போனோம். பாட்டு முடிந்ததும் அப்பா தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்தபடி வெளியே போய்விட்டார். பனிப்புயலில் தன் மகன் நண்பன் ஹார்லனைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்ததை நான்கு வருஷமாகப் பெருமையாகச் சுமந்த மனிதர். இப்போது நாடே கேட்கிறது.

ஹார்லன் மனைவி வெர்னாவும் அங்கே இருந்தாள். கோழித் தீவன மூட்டையை இடுப்பில் அணைத்தவள், பாட்டு முடிகிறவரை அதைக் கீழே வைக்கவில்லை. கடைசி அடியில் ஹார்லன் உன் மடியில் தலை சாய்த்துச் சொல்கிறானே, "காற்றடங்கி வீடு வருவேன், கதவருகே காத்திருக்கச் சொல் வெர்னாவை" என்று, அப்போது அவள் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

வெளியே வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். "நிஜமாவா இமோ? கடைசியா என் பேரைத்தான் சொன்னாரா? இத்தனை வருஷமா டெல்மர் ஏன் எங்கிட்ட சொல்லல?"

"அதை நீ அவன்கிட்டதான் கேக்கணும்" என்றேன்.

நன்றாகப் பாடியிருக்கிறாய். அதில் குறை ஒன்றும் இல்லை.

உடம்பைப் பார்த்துக்கொள்.
உன் அக்கா,
இமோஜீன்


நாஷ்வில்
1979 ஏப்ரல் 2

அன்புள்ள அக்கா,

உன் கடிதம் கண்டேன். தொண்டை கொஞ்சம் கட்டியிருக்கிறது, மற்றபடி குறைவில்லை. அப்பாவை அந்தச் செம்பட்டைக் குதிரையை விற்றுவிடச் சொல். கேட்கமாட்டார், இருந்தாலும் சொல்லி வை.

நாட்டுப் பாட்டு வரிசையில் இந்த வாரம் எனக்கு நான்காம் இடம். ஜூன் முதல் நவம்பர் வரை எழுபது ஊர், ஒரு பேருந்து, ஆறு வாத்தியக்காரர்கள். எனக்கு ஒரு வெள்ளைத் தொப்பி வாங்கியிருக்கிறார்கள். பால் விநியோகிக்கிறவன் மாதிரி இருக்கிறேன். சட்டையெல்லாம் கண்ணாடிக் கல். அதைப் போட்டுக்கொண்டு நம் தொழுவத்துக்குள் வந்தால் மாடு மிரண்டு வேலியை உடைத்துக்கொண்டு வயோமிங்குக்கே ஓடிவிடும்.

என் தயாரிப்பாளர் ரஸ்கோ கெட்டிக்காரர். பாட்டைப் பதிவு செய்த அன்று, "இது நடந்ததாப்பா?" என்று கேட்டார். தலையாட்டினேன். அன்று முதல் ஒவ்வொரு மேடையிலும் பாட்டுக்கு முன்னால், "இது நடந்த கதை" என்று ஒரு வரி சொல்லவேண்டும் என்று ஏற்பாடு. அதைச் சொன்னதும் கூட்டம் அப்படியே அடங்கிவிடுகிறது. உனக்கு அந்த அமைதியைக் காட்டவேண்டும்.

வெர்னாவுக்கு ஒரு இசைத்தட்டு அனுப்புகிறேன், கையெழுத்துப் போட்டு. நீயே கொண்டுபோய்க் கொடுத்துவிடு.

கன்றுகள் எத்தனை தப்பின என்று எழுது.

அன்புடன்,
டெல்மர்


பவுடர் ஆற்றங்கரை
1979 மே 20

அன்புள்ள டெல்மர்,

நலம். அப்பா கைத்தடியைத் தூக்கிப் போட்டுவிட்டார். கன்றுகளில் பதினொன்றுதான் போயின, இந்த வருஷக் குளிருக்கு அது குறைவு. உன் தொண்டை எப்படி இருக்கிறது?

நேற்றுச் சூடு போட்டோம். உதவிக்கு வந்தவர்களில் பேயோ எச்செவெர்ரியும் ஒருவர். உனக்கு நினைவிருக்கும், வயோமிங் எல்லைக்கு அந்தப்பக்கம் ஆயிரம் ஆடு வைத்திருக்கிற, ஸ்பெயின் பக்கமிருந்து வந்த பாஸ்க்காரர். மாட்டுக்காரர்கள் நடுவில் ஆட்டுக்காரர் வந்து நின்றால் என்ன ஆகும் என்று தெரியும்தானே. அப்பா மூக்கை உறிஞ்சி, "என்னமோ ஆட்டு வாடை அடிக்குதே, காத்து தெக்கேயிருந்து வீசுதா?" என்றார்.

"காத்து இல்லைங்க, நான்தான். உங்க சாணி நாத்தத்துக்கு இது எவ்வளவோ தேவலைங்க" என்றார் பேயோ, கையில் பிடித்திருந்த கன்றை விடாமலே. அப்பாவே சிரித்துவிட்டார்.

அவர் வந்தது எங்களுக்காக இல்லை, வெர்னாவுக்காக. இரண்டு வருஷமாக அவள் வீட்டுக் கூரையை அவர்தான் செப்பனிடுகிறார். போன குளிரில் விறகு பிளந்து அடுக்கினார். பிப்ரவரியில் வெர்னா என்னிடம் வந்து ஒரு நீலத் துணியைக் காட்டி, "இந்த வயசுல இது எனக்கு அதிகமாத் தெரியுமா?" என்று கேட்டாள். எதற்கென்று நான் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. இரண்டு பேரும் சிரித்தோம்.

ஈஸ்டர் அன்று பேயோ அவளைக் கேட்டார். மாட்டேன் என்றுவிட்டாள்.

"ஹார்லன் காத்திருக்கச் சொல்லிட்டுப் போயிருக்காரு இமோ. அது தெரியாதவரைக்கும் வேற. தெரிஞ்சப்புறம் நான் எப்படி?" என்கிறாள். நீ அனுப்பிய இசைத்தட்டு அவள் அலமாரியில், கல்யாணப் படத்துக்குப் பக்கத்தில் நிற்கிறது.

நீ அவளுக்கு ஒரு கடிதம் எழுது, டெல்மர். என்ன எழுதவேண்டும் என்று நான் சொல்லத் தேவையில்லை.

அன்புடன்,
இமோஜீன்


பவுடர் ஆற்றங்கரை
1979 ஜூலை 8

அன்புள்ள டெல்மர்,

நாங்கள் நலம். நீயும் நலமாகத்தான் இருப்பாய். பத்திரிகையில் படம் பார்த்தேன்.

ஏழு வாரமாகிறது. நான் எழுதியது கிடைக்கவில்லையோ என்று நினைத்து மறுபடியும் எழுதுகிறேன். வெர்னா இதுவரை ஹார்லனைப் புதைத்த இடத்தில் மரப்பலகைதான் வைத்திருந்தாள். இப்போது கல் வந்துவிட்டது. பெயர், தேதிகள், அதற்குக் கீழே உன் பாட்டின் கடைசி அடி. கல்லில் வெட்டியிருக்கிறது.

பேயோ இன்னமும் ஞாயிறுதோறும் வருகிறார். வாசலிலேயே நின்று பேசிவிட்டுப் போகிறார். இனி அதிக நாள் இப்படி வரமாட்டார் என்று தோன்றுகிறது.

இமோஜீன்


அமரில்லோ, டெக்சஸ்
1979 ஜூலை 30

அன்புள்ள அக்கா,

நலம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். தூக்கம் சரியில்லை. சூடு தாங்கவில்லை.

உன் இரண்டு கடிதமும் கிடைத்தன. நீ என்ன கேட்கிறாய் என்று எனக்குத் தெரியும். ஒரு தடவை எழுதிவிடுகிறேன், மறுபடி கேட்காதே.

நான் அங்கே இல்லை. புயல் அடித்த சனிக்கிழமை குளிர்கால முகாமில் ஹார்லன் தனியாக இருந்தான். நான் உன்னோடு எண்பது மைல் தள்ளி மைல்ஸ் சிட்டியில், பாட்டுப் போட்டியில் இருந்தேன். வடக்கு வேலியைப் பார்ப்பது அன்றைக்கு என் முறை. "மத்தியானத்துக்குள்ள வந்துருவேன்" என்று சொல்லிவிட்டு வந்தேன். அவன் எனக்குப் பதிலாகப் போனான், மாடுகள் வேலியோரம் நெருக்கிச் சாகாமல் இருக்க வேலிக் கதவைத் திறந்துவிட. திங்கட்கிழமை பனி தள்ளுகிற வண்டிக்குப் பின்னாலேயே வந்து, மேற்குப் பக்கமாகக் குதிரையில் போய் அவனைக் கண்டெடுத்தேன். அவன் கதவைத் திறந்துவிட்டிருந்தான். அவனைத் தூக்கிக்கொண்டு இறங்கியது நிஜம். என் இரண்டு விரல் நுனி போனதும் நிஜம். விரலைப் பார்த்துவிட்டு, புயலில் நான் அவனோடு இருந்ததாக ஊரே ஒரு கதையைக் கட்டிக்கொண்டது. நான் மறுக்கவில்லை. அவ்வளவுதான் முதலில் நான் செய்தது.

பிறகு பாட்டு. மூன்றாம் சரணம் முடிகிற இடத்தில் ஒரு வார்த்தை வேண்டியிருந்தது. அது வந்தது. எழுதினேன். வெர்னா அதைத் தன் வாழ்க்கையில் எடுத்து ஒட்டிக்கொள்வாள் என்று நான் கண்டேனா?

நேற்று ஒரு அம்மாள் மேடைக்குப் பின்னால் வந்தாள். மகன் வியட்நாமில் போனவன், கடைசியாக என்ன சொன்னான் என்றே அவளுக்குத் தெரியாது. "நீ பாடினதை என் மவன் சொன்னதா நெனச்சுக்கறேன் தம்பி" என்று என் கையை முத்தமிட்டாள், நுனி இல்லாத அந்த விரல்களை. அவளிடம் நான் என்ன சொல்லட்டும்? பொய் என்று சொல்லவா?

பேருந்து கிளம்புகிறது.

டெல்மர்


பவுடர் ஆற்றங்கரை
1979 செப்டம்பர் 16

அன்புள்ள டெல்மர்,

அப்பா நலம். நானும் நலம்தான்.

பேயோ போய்விட்டார். மந்தையில் பாதியை விற்றுவிட்டு மீதியை ஐடஹோவில் தன் அண்ணன் நிலத்துக்கு ஓட்டிக்கொண்டு போனார். போகிற வழியில் வெர்னா வீட்டுமுன் ஆடுகள் சாலையை அடைத்துக்கொண்டு ஒரு மணிநேரம் நின்றன. வேண்டுமென்றேதான் நிறுத்தியிருக்கிறார். அவள் கதவைத் திறக்கவில்லை. நான் அவளோடு உள்ளே இருந்தேன். ஜன்னல் திரையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "போயிட்டாரா? போயிட்டாரா?" என்று என்னையே கேட்டுக்கொண்டிருந்தாள், அவள் பார்க்கவில்லை.

அந்த ஒரு மணிநேரத்தில் நான் வாயைத் திறந்திருக்கலாம். ஒரே ஒரு வாக்கியம். இத்தனை நாளாக ஏன் திறக்கவில்லை என்று நீ ஒரு நாளும் என்னைக் கேட்டதில்லை. நான் உன் அக்கா, உன்னைக் காட்டிக்கொடுக்கமாட்டேன் என்று நினைத்திருப்பாய். அதனால் இல்லை.

அன்று மைல்ஸ் சிட்டியில் பிற்பகல் இரண்டு மணிக்கு வானம் கறுத்ததும் நீ மேடையிலிருந்து இறங்கி, "அக்கா, நான் கிளம்பறேன். ஹார்லன் ஒத்தையா இருக்கான்" என்றாய். பிறகு வண்டிச் சாவியைத் தேடினாய். கூடம் முழுக்க மேசைக்கடியில் ஊர்ந்து தேடினாய். குடித்திருந்ததால் எங்கோ போட்டுவிட்டோம் என்று இன்றுவரை நினைக்கிறாய்.

சாவி என் கோட்டுப் பையில் இருந்தது.

நீ கிளம்பியிருந்தால் இரண்டு பேரைப் புதைத்திருப்போம். எனக்கு நான் அப்படித்தான் சொல்லிக்கொள்கிறேன். ஆனால் புயல் நான்கு மணிக்குத்தான் சாலையை மூடியது என்று பிறகு தெரிந்தது. உன் வண்டியில் எண்பது மைலுக்கு இரண்டு மணிநேரம். போய்ச் சேர்ந்திருப்பாயா, மாட்டாயா? எனக்குத் தெரியாது. ஐந்தாவது வருஷம் நடக்கிறது, ஒவ்வொரு முறையும் கணக்கு வேறு மாதிரி வருகிறது.

இதற்கு மேல் என்னிடம் மறைக்க எதுவும் இல்லை.

இமோஜீன்


நாஷ்வில்
1979 டிசம்பர் 2

அக்கா,

பதினொரு வாரம் பதில் போடாமல் இருந்தேன். முதலில் உன்மேல் கோபம். பிறகு, அந்தப் பழி என்னை விட்டு இறங்கிவிட்டதாக ஒரு சந்தோஷம். சாவி உன்னிடம்தானே இருந்தது. ஒரு வாரம் அப்படியே திரிந்தேன். பிறகு அந்தச் சந்தோஷத்தைப் பார்த்தே எனக்கு அருவருப்பாகிவிட்டது. சாவியை நீ எடுத்திருக்கலாம். "இது நடந்த கதை" என்று எழுபது ஊரில் சொன்னது நான்.

போன மாதம் செயின்ட் லூயிசில் மூன்றாம் சரணத்தில் நின்றுவிட்டேன். வாய் வரவில்லை. நாலாயிரம் பேர். நான் அழுகிறேன் என்று நினைத்துக்கொண்டார்கள். ஒவ்வொருவராக எழுந்து நின்று கைதட்டினார்கள், நின்ற பாட்டுக்கு அதுவரை கேட்காத கைதட்டல். இறங்கி வந்ததும் ரஸ்கோ என்னைக் கட்டிக்கொண்டார். "அற்புதம்பா! அந்த எடத்துல நிறுத்தினே பாரு! இனிமே தினமும் அப்படியே நிறுத்து!"

மறுநாளும் நின்றேன். அதற்கடுத்த நாளும். உண்மையாகவே பாட முடியாமல் போனதை நடிப்பாக்கி விற்றேன், அக்கா. இதைவிடக் கீழே போக இடமில்லை.

பதினேழாம் தேதி வருகிறேன். அப்பாவிடம் இப்போது எதுவும் சொல்லாதே. வெர்னா வீட்டுக்கு நீ வண்டி ஓட்டு. சாவி உன்னிடமே இருக்கட்டும்.

டெல்மர்


நாஷ்வில்
1980 ஜனவரி 20

அன்புள்ள அக்கா,

உனக்குச் சளி விட்டதா? அன்று பனியில் வண்டிக்குள்ளேயே உட்கார்ந்திருந்தாய். திரும்பி வந்தவன் ஒரு வார்த்தை பேசவில்லை, நீயும் கேட்கவில்லை. இப்போது எழுதுகிறேன்.

நான் போனபோது வெர்னா துணி தேய்த்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்து, "வா வா, பெரிய மனுஷா! தொப்பி எங்க, அந்த வெள்ளைத் தொப்பி?" என்றாள். அந்த மலர்ச்சி போவதற்குள் சொல்லிவிட நினைத்தேன்.

"வெர்னா, அன்னைக்கு நான் அங்க இல்ல."

"எங்க இல்ல?"

"முகாம்ல. மைல்ஸ் சிட்டில பாடிட்டிருந்தேன். என் முறைக்குத்தான் அவன் போனான். திங்கக்கெழமைதான் நான் அவனைக் கண்டுபுடிச்சேன். அப்பவே எல்லாம் முடிஞ்சிருந்துது."

இஸ்திரிப் பெட்டி சட்டைமேல் அப்படியே இருந்தது. புகை வந்ததும் தூக்கி நிமிர்த்தி வைத்தாள்.

"அப்போ காத்திருக்கச் சொன்னது?"

"நான் எழுதினது."

ரொம்ப நேரம் அந்தக் கருகின இடத்தை விரலால் தேய்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "அவர் ஒண்ணுமே சொல்லாமப் போயிட்டாருன்னு நெனச்சுக்கிட்டே நாலு வருஷம் பொழச்சேன் டெல்மர். என்னால முடிஞ்சுது. நீயா வந்து ஒரு வார்த்தையைக் குடுத்தே. இப்ப அதைப் புடுங்கிக்கிட்டுப் போற" என்றாள்.

கருகின சட்டையை மடித்து ஓரமாக வைத்தாள்.

"உங்கிட்ட கடைசியா என்ன சொன்னாரு? அதாவது நெசமா ஏதாவது உண்டா?"

உண்டு, அக்கா. இதுவரை யாருக்கும் சொன்னதில்லை, பாட்டுக்கு உதவாது என்பதால். "காப்பித்தூள் தீந்துபோச்சு. மறந்துட்டு வந்தேன்னா, குதிரைங்களோடதான் உனக்குப் படுக்கை" என்றான்.

வெர்னா சிரித்தாள். ஒரே ஒரு சிரிப்பு, தும்மல் மாதிரி. "ஆமா. அது அவருதான்" என்றாள். அப்புறம்தான் அழுதாள். நான் ஒரு அடி வைத்தேன். "கிட்ட வராதே" என்றாள். "எங்கிட்ட மட்டும் வந்து சொல்லிட்டு மனசைக் கழுவிக்கிட்டுப் போயிடலாம்னு பாக்காதே. எந்தெந்த மேடையில நடந்த கதைன்னு சொன்னியோ, அங்க போய் இல்லைன்னு சொல்லு."

சாவியைப் பற்றி நான் எதுவும் சொல்லவில்லை. அது உன்னுடையது.

நேற்று சனிக்கிழமை வானொலி நிகழ்ச்சியில், பாடுவதற்குப் பதிலாக நடந்ததைச் சொன்னேன். பெயர் பெயராக, தேதியோடு. வாத்தியக்காரர்கள் ஒவ்வொருவராக வாசிப்பதை நிறுத்தினார்கள். கூட்டத்தில் யாரோ, "பாடுடா, இல்லைன்னா எறங்கு!" என்றார்கள். இறங்கினேன். ரஸ்கோ கத்தவில்லை. "பாட்டுன்னா பொய்தானேப்பா, இதை எதுக்குச் சொன்னே?" என்று நிஜமாகவே புரியாமல் கேட்டார். ஒப்பந்தம் ரத்தாகிவிட்டது. பேருந்தில் என் பெயரை அழித்துக்கொண்டிருக்கிறார்கள்.

இனி அப்பாவுக்குத் தெரியும். வானொலியைக் கேட்டிருப்பார்.

டெல்மர்


பவுடர் ஆற்றங்கரை
1980 மார்ச் 9

அன்புள்ள டெல்மர்,

சளி போய்விட்டது. நீ எங்கே தங்கியிருக்கிறாய் என்றே தெரியாமல் பழைய முகவரிக்குப் போடுகிறேன், யாராவது உன்னிடம் சேர்ப்பார்கள்.

அப்பா கேட்டார். முழுக்கக் கேட்டார். எழுந்து வானொலிக் கம்பியைப் பிடுங்கிச் சுற்றி, பெட்டியை அலமாரிக்கு மேலே வைத்துவிட்டார். "ஹார்லன் சாவுக்கு வந்த ஜனங்க முன்னாடி எழுந்து நின்னு, எம்மவன்னு பேசினேன்டி. பெருமையா பேசினேன்" என்றார். பிறகு, "அவன் பேரை இங்க எடுக்காதே" என்றார். அன்றிலிருந்து எடுக்கவில்லை. தீவனக் கடையில் உன் படம் இருந்த இடத்தில் சதுரமாகச் சுவர் வெளுத்துத் தெரிகிறது. மதுக்கடைப் பாட்டுப் பெட்டியிலிருந்து உன் தட்டை எடுத்துவிட்டார்கள். பாதிப்பேர் நீ செய்தது அயோக்கியத்தனம் என்கிறார்கள். பாதிப்பேர் சொல்லாமலே இருந்திருக்கலாம் என்கிறார்கள். இரண்டாவது கூட்டத்தைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

நானும் வெர்னாவிடம் சொல்லிவிட்டேன், சாவியை. வேலிக் கம்பத்தில் சாய்ந்து நின்று கேட்டாள். "நீ தம்பியைக் காப்பாத்தினே. யாரா இருந்தாலும் அதைத்தான் செய்வாங்க" என்றாள். நியாயமாகத்தான் சொன்னாள். ஆனால் அதற்குப் பிறகு அவள் இங்கே வரவில்லை. இருபது வருஷ சிநேகிதி. ஜன்னல் திரைக்குப் பின்னால் அவள் அருகில் நின்றுகொண்டு நான் வாய் திறக்காத அந்த ஒரு மணிநேரத்தை அவள் மறக்கவில்லை போலிருக்கிறது. எப்படி மறப்பாள்?

போன வாரம் மட்டும் ஒரு தடவை தொலைபேசியில் கூப்பிட்டாள். "பேயோவோட அண்ணன் முகவரி கெடைக்குமா?" என்று கேட்டாள். கம்பளி வாங்குகிறவரிடம் விசாரித்துக் கொடுத்தேன். நன்றி சொல்லி வைத்துவிட்டாள்.

சாப்பிடு. எங்கே இருந்தாலும் எழுது.

இமோ


எல்கோ அருகே, நெவாடா
1980 ஜூலை 10

அன்புள்ள அக்கா,

உன் கடிதம் நாலு முகவரி சுற்றி வந்து சேர்ந்தது. நலமாக இருக்கிறேன். இங்கே ஒரு பண்ணையில் சேர்ந்து மூன்று மாதமாகிறது. வேலி பார்க்கிறேன், மாடு ஓட்டுகிறேன். இரண்டு விரல் இல்லாமலும் கயிறு வீச முடிகிறது, குறி மட்டும் கொஞ்சம் தப்புகிறது. பாடுவதில்லை. குரலில் ஏதோ உட்கார்ந்துவிட்டது.

நாலாம் தேதி விழாவுக்கு ஊர்க்கூடத்தில் எல்லோரும் கூடினார்கள். மாட்டுக்காரர்கள் ஒவ்வொருவராக எழுந்து தாங்கள் கட்டிய கவியைச் சொன்னார்கள். குதிரை தள்ளிய கதை, சமையல்காரியைப் பழிக்கிற கதை. என்னை யாரென்று தெரிந்த ஒருவன், "நீயும் சொல்லுப்பா, ஆனா நெசத்தைச் சொல்லு!" என்று கேலி செய்தான். எழுந்தேன். வாத்தியம் இல்லை, ராகம் இல்லை. இதைச் சொன்னேன்:

வேலி காக்கும் முறை எனக்கு; வேற்றூரில் நானிருந்தேன்.
நாலு திசையும் பனி மூட, நான் பாடிக்கொண்டிருந்தேன்.
கூலிக்கு நின்ற இருவரிலே குதிரையேறிப் போனான் அவன்;
வேலைக்கு முன்பே வருவேனென்று மறந்து நின்றவன் இவன்.
அவன் இறுதியில் சொன்ன சொல்லை அறிந்தவர் யாருமில்லை.
கவி கட்டிச் சொன்னேன் நானொன்று. காற்றுக்கு நாக்கு இல்லை.

யாரும் கைதட்டவில்லை. இரண்டு பேர் எழுந்து வெளியே போனார்கள். பண்ணைச் சமையல்காரி, வாயில் பாதி ரொட்டியோடு, "இது கவியா, பாவமன்னிப்பா?" என்று கேட்டாள்.

"தெரியலைங்க."

"கடைசிக்கு முந்தின அடி இழுக்குது. சரி பண்ணு" என்றாள்.

அந்த அடி இழுக்கத்தான் செய்கிறது. சரி செய்யலாம் என்று உட்கார்ந்தேன். எப்படி மாற்றினாலும் உண்மை போய்விடுகிறது. அப்படியே விட்டுவிட்டேன். அடுத்த மாதம் பக்கத்து ஊரில் சொல்லக் கூப்பிட்டிருக்கிறார்கள். போவேன். வெர்னா சொன்ன எழுபது ஊரில் இது எத்தனையாவது என்று எண்ணவில்லை.

அப்பாவுக்கு இடுப்பு எப்படி?

டெல்மர்


பவுடர் ஆற்றங்கரை
1980 அக்டோபர் 19

டெல்மருக்கு,

சுகமாக இருப்பாய் என்று நினைக்கிறேன். நான் சுகம். உன் முகவரி இமோ கொடுத்தாள். நாங்கள் மறுபடி பேசுகிறோம். முன்போல இல்லை, ஆனால் பேசுகிறோம்.

ஆகஸ்டில் ஐடஹோ போனேன், சொல்லாமல் கொள்ளாமல். பேயோ பட்டியில் ஆட்டுக்குக் குளம்பு வெட்டிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்தும் எழுந்திருக்கவில்லை. "இன்னும் நாப்பது ஆடு இருக்கு. உக்காரு" என்றார். கவிழ்த்து வைத்த வாளிமேல் உட்கார்ந்தேன். நாற்பதையும் முடித்துவிட்டு, கை கழுவிக்கொண்டு வந்து ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"அந்தப் பாட்டு பொய்யின்னு தெரியாம இருந்தா வந்திருப்பியா?"

ஆமாம் என்று சொல்ல அத்தனை தூரமும் வண்டியில் ஒத்திகை பார்த்திருந்தேன். "மாட்டேன்" என்றுதான் வாயில் வந்தது.

தலையை ஆட்டினார். ரொட்டியும் ஆட்டுக்கறிக் குழம்பும் வைத்தார். சாப்பிட்டேன். திரும்பி வந்துவிட்டேன்.

செப்டம்பர் கடைசியில் ஒரு நாய், இரண்டு பெட்டி, முப்பது ஆட்டோடு என் வாசலில் வந்து நின்றார். கல்யாணம் என்று பேச்சு எதுவும் இல்லை. கொட்டகையை அடுத்த அறையில் இருக்கிறார். "இந்தக் குளிர்காலம் போகட்டும், பாப்போம்" என்கிறார். நானும் அதையேதான் சொன்னேன். அவருக்கு இன்னும் என்மேல் வருத்தம் இருக்கிறது. திடீர் திடீரென்று பேசாமல் போய்விடுகிறார். இருக்கட்டும்.

கல்லிலிருந்து அந்த அடியைச் செதுக்கி எடுக்கச் சொன்னேன். எடுத்த இடம் பள்ளமாகத் தெரிகிறது. அதில் வேறெதுவும் எழுதப்போவதில்லை.

உன்னை மன்னித்தேனா என்று எனக்குத் தெரியாது. நீ இப்போதைக்கு இங்கே வராதே. வேண்டிய நாளில் நானே எழுதுகிறேன். இந்தக் கடிதத்தை நான் எழுத உட்கார்ந்தது அதற்காக இல்லை, உன் அப்பாவுக்காக.

என் சமையலறையிலிருந்து உங்கள் தபால்பெட்டி தெரியும். தபால் வண்டி போனதும் அவர் கொட்டகையிலிருந்து நடந்து வருகிறார், கைத்தடி இல்லாமல், இடுப்பைப் பிடித்துக்கொண்டு. இமோ பெயருக்கு நீ போட்ட உறையை எடுத்து, உன் கையெழுத்தை முன்னும் பின்னும் திருப்பிப் பார்க்கிறார். பிறகு எடுத்த மாதிரியே பெட்டிக்குள் வைத்துவிட்டு, சுற்றிலும் பார்த்துவிட்டுப் போகிறார்.

அடுத்ததை அவர் பெயருக்குப் போடு.

இப்படிக்கு,
வெர்னா